ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துப் போகிறோம்: எதைக் காட்டலாம், எந்த வசனம்?

அரசலாற்றங்கரை

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஆவணி கடைசியில் தொடங்கி ஐப்பசி முதல் வாரம் வரை ஆறு சனிக்கிழமைகள். பிள்ளைகள் 18 பேர், வயது 9 முதல் 13. இடம் கும்பகோணத்துக்குக் கிழக்கே. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் சம்பா வயல், நடுவே வரப்பில் பனை வரிசை. "ஆகாயத்துப் பட்சிகளைக் கவனித்துப்பாருங்கள்" என்று சுவரில் எழுதி ஒட்டிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்துவது சரியில்லை என்று தோன்றியது. தேவனை நம்புவது என்றால் என்ன என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

இப்போதைக்குப் பட்டியல்: பறவை, பூ, விதை, மரம், மழை, ஆறு. வாரத்துக்கு ஒன்று, ஒரு வசனம், ஒரு மணி நேரம். எதை மாற்ற வேண்டும்? பாதுகாப்புக்கு எதைக் கவனிக்க வேண்டும்?

தூக்கணாங்கூடு

"பறவை" என்று பொதுவாகப் போட்டால் பிள்ளைகள் நாலு காக்கா, ரெண்டு கொக்கு எண்ணிவிட்டு வந்துவிடுவார்கள். ஒரே ஒரு பறவையை எடுங்கள். பனை இருக்கிறது என்கிறீர்கள், பக்கத்தில் வாய்க்காலும் இருக்கிறது. தூக்கணாங்குருவி இருந்தே தீரும்.

கவனிக்க வேண்டியவை:

கூடு கட்டுவது ஆண். நெற்பயிரின் தாளை ஓரத்தில் அலகால் கீறி, கீழிருந்து மேலாகக் கிழித்து நாராக எடுக்கும். ஒரு நார் ஒரு சாணிலிருந்து இரண்டு அடி வரை இருக்கும். ஒரு கூட்டை முடிக்க 500 தடவை வரை பறந்து போய் வரும். மொத்தம் 18 நாள் வரை ஆகும். அதில் ஏறத்தாழ எட்டு நாளில் கூடு தலைக்கவசம் கவிழ்த்த மாதிரி பாதியில் நிற்கும். அப்போதுதான் பெட்டை வந்து பார்க்கும். பிடித்தால் நீண்ட வாசல் குழாய் சேர்ந்து கூடு முழுமையாகும். பிடிக்கவில்லையென்றால் அந்தப் பாதிக் கூடு அப்படியே தொங்கும், ஆண் வேறொன்றைத் தொடங்கும். ஒரு பனையில் எத்தனை முழுக்கூடு, எத்தனை பாதிக்கூடு என்று எண்ணச் சொல்லுங்கள். பாதிக்கூடுதான் பாடம்.

இன்னொன்று: கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கத்தில் இருக்கும். தென்மேற்குக் காற்று அடிக்கும் பக்கத்துக்கு மரமே மறைப்பு. பிள்ளைகளிடம் திசைகாட்டி கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம்.

"அவைகள் விதைக்கிறதுமில்லை, அறுக்கிறதுமில்லை" என்பதைப் படித்துவிட்டுச் சும்மா இருந்தாலே சோறு வரும் என்று புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. 500 நடை நடக்கிற குருவியைப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் குழப்பம் வராது. அதற்கு வேலை உண்டு, கவலை இல்லை. அந்த வித்தியாசத்தைத்தான் காட்ட வேண்டும்.

பொறையாறு லுத்தரன்

மேலே சொன்னதற்கு ஒரு துணைக்குறிப்பு. மத்தேயு 6-இல் பட்சிகளுக்கும் காட்டுப்புஷ்பங்களுக்கும் தமிழில் ஒரே சொல்தான், "கவனித்துப்பாருங்கள்". கிரேக்க மூலத்தில் இரண்டு வினைகள். பட்சிகளுக்கு வருவது உற்றுப் பார்ப்பது. பூக்களுக்கு வருவதில் கற்றுக்கொள்ளுதல் என்ற பொருளே இருக்கிறது, நன்றாகப் படித்தறி என்கிற மாதிரி. ஆகவே பூவுக்கு ஒதுக்கிய வாரம் வெறும் "அழகா இருக்கு பார்" என்று முடியக் கூடாது.

லூக்கா 12-இல் அதே போதனையில் பட்சிகளுக்குப் பதில் காகங்கள். லேவியராகமம் 11-இன்படி காகம் அருவருப்பான பறவைகளில் ஒன்று. கேட்டவர்களுக்கு அது சுருக்கென்று பட்டிருக்கும். நம் ஊரில் காக்கைக்குச் சோறு வைப்பதால் அந்தச் சுருக்கு நமக்குத் தெரிவதில்லை. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

நாற்றங்கால்

விதையை மூன்றாவது வாரத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் வாரமே போடுங்கள், ஆறாவது வாரம் வரை அது வளர்ந்துகொண்டே இருக்கும்.

செய்முறை. ஒரு லிட்டர் தண்ணீரில் கல்லுப்பு 120 முதல் 150 கிராம் கரையுங்கள். அளவு சரியா என்று பார்க்க அன்றைக்கு வாங்கிய கோழிமுட்டை ஒன்றை விடுங்கள். முட்டை மிதந்து, மேலே நாணயம் அளவுக்கு ஓடு தெரிய வேண்டும். மூழ்கினால் இன்னும் உப்பு போடுங்கள். பழைய முட்டை நல்ல தண்ணீரிலேயே மிதக்கும், ஏமாந்துவிடாதீர்கள். இப்போது ஒரு கைப்பிடி விதைநெல்லைக் கொட்டிக் கலக்கினால் பதரும் பாதி முற்றிய மணியும் மேலே வரும், கனத்த மணி அடியில் தங்கும். மேலே வந்ததை அரித்தெடுத்துவிட்டு, அடியில் உள்ளதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை கழுவ வேண்டும். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். உப்பு ஒட்டியிருந்தால் முளைப்பு கெட்டுப்போகும்.

பிறகு 24 மணி நேரம் ஊறல், 24 மணி நேரம் ஈரச் சாக்கில் மூட்டம். வெள்ளை முனை எட்டிப் பார்க்கும். தட்டில் மண் போட்டு விதையுங்கள். மூட்டம் கட்டியதைத் திறந்து திறந்து பார்த்தால் சூடு போய்விடும், முளை ஒரே சீராக வராது.

12, 14 நாள் கழித்து ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். அடியில் உமி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். நகத்தால் அழுத்தினால் உள்ளே ஒன்றும் இருக்காது. மூன்று, நாலு இலை வரும்வரை பயிர் சாப்பிட்டது பெரும்பாலும் அந்த மணிக்குள் இருந்த மாவைத்தான். யோவான் 12:24-ஐ அந்த வெற்று உமியைக் கையில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். "நிலத்தில் விழுந்து சாகாவிட்டால் தனித்திருக்கும்." வசனத்தில் கோதுமை, கையில் நெல், அவ்வளவுதான் வேறுபாடு.

அரசலாற்றங்கரை

நாற்றங்கால் அண்ணன், விதை முதல் வாரம், மாற்றியாச்சு. வசனத்தை முதலில் வாசித்துவிட்டுப் பார்ப்பதா, பார்த்துவிட்டு வாசிப்பதா?

நாற்றங்கால்

பார்த்துவிட்டு.

மறைக்கல்வி திருவாரூர்

பார்த்துவிட்டுத்தான். வசனத்தை முதலில் கொடுத்தால் பிள்ளைகள் அதற்கு விடை தேடுவார்கள், வயலைப் பார்க்க மாட்டார்கள். 5 நிமிடம் வாய் பேசாமல் நிற்பது, 20 நிமிடம் கவனிப்பது, 10 நிமிடம் நோட்டில் எழுதுவது அல்லது வரைவது, அதன் பிறகு வசனம், பேச்சு, ஜெபம். நோட்டில் "நான் பார்த்தது" என்று மட்டும் தலைப்பு. "நான் கற்ற பாடம்" என்று ஒரு கட்டம் போட்டால் 18 நோட்டிலும் ஒரே வாக்கியம் இருக்கும்.

கத்தோலிக்கப் பிள்ளைகளும் வருவார்கள் என்றால் ஒன்று. எங்கள் மொழிபெயர்ப்பில் அதே வசனம் "வானத்துப் பறவைகளை நோக்குங்கள்" என்று இருக்கும். இரண்டையும் வாசியுங்கள், மனப்பாடத்துக்கு அவரவர் வீட்டில் உள்ளது.

பொறையாறு லுத்தரன்

எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வசனம் முன்னால் வர வேண்டும். இயற்கையைப் பார்த்து மனுஷன் தானாகக் கண்டுபிடிப்பது தேவனுடைய வல்லமையும் தேவத்துவமும் மட்டும்தான், ரோமர் 1:20 சொல்வது அந்த அளவுதான். அவர் பிதா, நம்மைக் கைவிடமாட்டார் என்பது வயலில் எழுதியிருக்காது. அது வாக்குத்தத்தத்தில் இருக்கிறது. வாக்கைக் கையில் கொடுத்துவிட்டு வயலுக்கு அனுப்புங்கள்.

மறைக்கல்வி திருவாரூர்

இறையியலுக்குச் சரி. பத்து வயசுப் பிள்ளைக்கு முறை என்ன என்பதுதான் கேள்வி. ஆண்டவர் சொன்னதும் "பாருங்கள்" என்றுதானே, "முதலில் என் முடிவைக் கேளுங்கள்" என்று இல்லையே.

பொறையாறு லுத்தரன்

"பாருங்கள்" என்று சொன்னதே வார்த்தைதானே. சரி, இதை இங்கே இழுக்கவில்லை. மூன்று வாரம் அப்படி, மூன்று வாரம் இப்படிச் செய்து பாருங்கள்.

கடைமடை

மழையும் ஆறும் தனித்தனி வாரம் வேண்டாம். நம் டெல்டாவில் அவை ஒன்றோடொன்று பின்னியவை, அந்தப் பின்னலிலேயே பாடம் இருக்கிறது.

உபாகமம் 11:10, 11 எடுங்கள். எகிப்தில் "கீரைத்தோட்டத்திற்கு நீர்ப்பாய்ச்சுகிறதுபோல உன் காலால் நீர்ப்பாய்ச்சி" வந்தாய், நீ போகிற தேசமோ வானத்து மழையைக் குடிக்கும் தேசம் என்கிறது. நைல் நதிக்கு வெள்ளம் வருவது எத்தியோப்பிய மலை மழையில். எகிப்தில் மழை அரிது. கானானில் ஆறு சிறிது, மழைதான் கதி. நம் டெல்டா இரண்டும் சேர்ந்தது. குறுவைக்கு நாம் எகிப்து: குடகில் பெய்த மழை, மேட்டூரில் தேங்கி, கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து வர வேண்டும். மடையை மண்வெட்டியால் வெட்டி, காலால் மிதித்து அடைப்பது இன்றும் கண்ணால் காணலாம். ஐப்பசி வந்தால் நாம் கானான்: வடகிழக்குப் பருவமழை தலைக்கு மேலேயே இறங்கும்.

மேட்டூரின் முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி, திறக்க வழக்கமான தேதி ஜூன் 12. 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-இல் ஜூலை 28 ஆனது. ஒரே அணை, ஒரே விவசாயி, இரண்டு மாதத்துக்கு மேல் வித்தியாசம். 2023-இல் தேதி தவறாமல் ஜூன் 12-க்கே திறந்தும் பிறகு தண்ணீர் பற்றாமல் கடைமடையில் குறுவை காய்ந்தது. தேதிக்குத் திறந்தால் விளையும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

யாக்கோபு 5:7-இல் வரும் முன்மாரியும் பின்மாரியும் பலஸ்தீனத்து மழை. முன்மாரி அக்டோபர், நவம்பரில் உழவுக்கு. பின்மாரி மார்ச், ஏப்ரலில் கதிர் முற்ற. இதை அப்படியே நம் தென்மேற்கு, வடகிழக்குப் பருவங்களோடு ஒட்டவைத்துவிடும் பிரசங்கங்கள் ஏராளம். மாதமும் பொருந்தாது, பயிர்ப்பருவமும் பொருந்தாது. பொருந்துவது காத்திருப்பு ஒன்றுதான்.

நாற்றங்கால்

கடைமடை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். தண்ணீர் என்றதும் எப்போதும் நிறைந்திருப்பதுதான் ஆசீர்வாதம் என்று நினைப்போம். நெல்லுக்கு அது உண்மையில்லை. காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட வேண்டும்.

வயலில் தண்ணீர்க்குழாய் ஒன்றைப் பதித்துக் காட்டுங்கள். 30 செ.மீ நீள பிளாஸ்டிக் குழாய், குறுக்களவு 10 முதல் 15 செ.மீ. கீழ் 20 செ.மீ முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை. ஓட்டை உள்ள பகுதி மண்ணுக்குள், 10 செ.மீ மேலே. குழாய்க்குள் இருக்கும் மண்ணைத் தோண்டி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே நீர்மட்டம் தெரியாது. மண் மேற்பரப்பு மயிரிழை வெடிப்பு விட்டிருக்கும், குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் ஒரு சாணுக்குள் தண்ணீர் நிற்கும். 15 செ.மீ கீழே இறங்கும் வரை பயிர் வாடாது, பிறகு 5 செ.மீ உயரம் பாய்ச்சினால் போதும். "காய்ஞ்சு போச்சே" என்று பிள்ளைகள் சொன்ன பிறகு குழாய்க்குள் பார்க்கச் சொல்லுங்கள். எரேமியா 17:8-இல் வருகிற "கால்வாய் ஓரமாகத் தன் வேர்களை விடுகிற" மரம் எதை நம்பி நிற்கிறது என்று விளங்கும்.

ஆனால் உவமையை எல்லை தாண்டி இழுக்காதீர்கள். பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்து ஒரு வாரம் பின்பு வரை வயல் காயவே கூடாது. காய்ந்தால் கதிர் பதராகும். "வறட்சி எல்லாம் நம் நன்மைக்கே" என்று பொதுவாகச் சொன்னால், விவசாயி வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து நின்று "இல்லை சார்" என்று சொல்லும். அது சொல்வதுதான் சரி.

வெண்ணாறு

மூழ்கல் பற்றி யாரும் பேசவில்லை. ஐப்பசியில் நீங்கள் காட்டப்போவது அதுவாகவும் இருக்கலாம்.

சாதாரண நெல் தண்ணீருக்குள் மூழ்கினால் மூச்சுக்காக மேலே நீள முயலும். சேர்த்து வைத்த மாவையெல்லாம் நீள்வதில் செலவழித்துவிடும். வாரம் பத்து நாள் கழித்து வெள்ளம் வடியும்போது தெம்பில்லாமல் சாய்ந்து அழுகும். மூழ்கலைத் தாங்கும் ரகம் (சிஆர் 1009 சப்-1 டெல்டாவில் புழங்குவது) நேர்மாறாகச் செய்யும். வளர்ச்சியை நிறுத்திவிட்டு இருப்பதைக் கட்டிக்காத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். இரண்டு வாரம் வரை தாங்கும். தண்ணீர் வடிந்ததும் மீதி வைத்த தெம்பில் மறுபடி துளிர்க்கும். இந்தக் குணம் ஒடிசாவின் நாட்டு ரகம் ஒன்றிலிருந்து எடுத்து மற்ற ரகங்களுக்குள் கொண்டுவரப்பட்டது.

ஏசாயா 30:15: "அமரிக்கையும் நம்பிக்கையுமே உங்கள் பெலனாயிருக்கும்." இதைவிடப் பொருத்தமாக ஒரு பயிர் எனக்குத் தெரிந்து இல்லை.

கடைமடை

அழகுதான். ஆனால் நம்மிடம் மடுமுழுங்கி என்று ஒரு நெல் இருக்கிறது. தண்ணீர் ஏற ஏற அதுவும் கூடவே நீண்டு தலையைத் தூக்கி நிற்கும், மடுவில் விளையும். அமர்ந்திருப்பது ஒரு வழி, எழும்பி நிற்பது இன்னொரு வழி. எந்த வெள்ளம் என்பதைப் பொறுத்தது: நாலு நாளில் வடியும் வெள்ளத்துக்கு முதலாவது, மாசக்கணக்கில் நிற்கும் தண்ணீருக்கு இரண்டாவது. எல்லாருக்கும் "சும்மா இரு" என்று சொல்லிவிட முடியாது.

வெண்ணாறு

ஒப்புக்கொள்கிறேன். இரண்டு ரகமும் நாலு நாலு தூர் கிடைத்தால் பக்கத்தில் பக்கத்தில் வாளியில் வைத்துக் காட்டலாம். வாளியை மேலும் மேலும் நிரப்பக் கூடாது, ஒரே அளவில் ஒரு வாரம் முழுக்க மூழ்க வைத்துப் பார்க்க வேண்டும். கலங்கல் தண்ணீர் என்றால் வெளிச்சம் இல்லாமல் இரண்டும் செத்துவிடும், தெளிந்த தண்ணீர் ஊற்றுங்கள்.

தென்னந்தோப்பு பட்டுக்கோட்டை

"மரம்" வாரத்துக்கு யோபு 14:7 எடுக்க நினைத்திருந்தால் இதைப் படித்துவிட்டு எடுங்கள். "ஒரு மரத்தைக்குறித்தாவது நம்பிக்கையுண்டு, அது வெட்டிப்போடப்பட்டாலும் திரும்பத் தழைக்கும்." இது எந்த மரத்துக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று தெரியாமல் சொன்னால் எங்கள் பக்கம் காது கொடுக்க மாட்டார்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா புயல் கரையைக் கடந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தோப்பு தோப்பாகத் தென்னை விழுந்தது. தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. முறிந்தால் முடிந்தது, அடியிலிருந்து துளிர்க்காது. பனையும் அப்படித்தான். புதிதாக வைத்தால் காய்க்க ஐந்து ஏழு வருஷம்.

துளிர்ப்பவை பூவரசு, வேம்பு, முருங்கை, கிளுவை. பூவரசு, முருங்கை, கிளுவை மூன்றையும் போத்தாகவே, அதாவது வெட்டிய கிளைத்துண்டாகவே நடலாம். கை மணிக்கட்டுப் பருமனில், ஏறத்தாழ ஆள் உயரத்துக்கு வெட்டி, அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி, ஒரு முழம் ஆழத்தில் நட்டு, மேல்நுனியில் சாணி அப்ப வேண்டும். சாணி அப்பாவிட்டால் வெயிலில் நுனி வறண்டு கீழே இறங்கும், மழையில் தண்ணீர் இறங்கி அழுகும். தலைகீழாக நட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. கணு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று முன்னாலேயே அடியில் ஒரு வெட்டு அடையாளம் போடுங்கள்.

முதல் வாரம் ஒரு போத்து நட்டால் ஆறாவது வாரத்துக்குள் துளிர் பார்த்துவிடலாம். யோபு 14:9-இல் வரும் "தண்ணீரின் வாசனையினால்" என்பது அப்போது கண்முன் இருக்கும். ஆனால் அதே அதிகாரத்தில் யோபு அடுத்து என்ன சொல்கிறான் என்பதையும் வாசியுங்கள்: மரத்துக்கு நம்பிக்கை உண்டு, மனுஷனோ செத்தபின் ஒழிந்துபோகிறான். அவன் மரத்தைப் பார்த்து ஆறுதல் அடையவில்லை, பொறாமைப்படுகிறான். அந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடாதீர்கள்.

அரசலாற்றங்கரை

இதை யாரும் எனக்கு இப்படிச் சொன்னதில்லை. அப்படியென்றால் விளைச்சல் போன வீட்டுப் பிள்ளைகளுக்கு எந்த வசனம்? 18 பேரில் பாதிப் பேர் விவசாயக் குடும்பம்.

தென்னந்தோப்பு பட்டுக்கோட்டை

ஆபகூக் 3:17, 18. "வயல்கள் தானியத்தை விளைவியாமற்போனாலும்" என்று சொல்லிவிட்டு "நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன்" என்கிறான். "விளையும், கவலைப்படாதே" என்று எங்கும் சொல்லவில்லை. காட்டுப்புஷ்பத்தைப் பார் என்று அவர்களிடம் மட்டும் சொல்லாதீர்கள், அது ஆண்டவர் வசனமாக இருந்தாலும் நம் வாயில் அலட்சியமாக ஒலிக்கும். அந்த வீட்டுப் பெரியவர்களோடு பேசவேண்டியது பயிர்க்காப்பீட்டு ரசீது, சேத விவரம் எழுதுவது, மறுவிதைப்புக்கு விதை. அதற்குப் பிறகு ஜெபம்.

தூக்கணாங்கூடு

மத்தேயு 10:29-ஐயும் சேர்க்கலாம். அடைக்கலான் குருவி பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது என்கிறார். விழவே விழாது என்று சொல்லவில்லை. தமிழில் அந்தக் குருவிக்கு வீட்டில் அடைக்கலம் தேடி வருவதால் வந்த பேர். மத்தேயுவில் காசுக்கு இரண்டு, லூக்கா 12:6-இல் இரண்டு காசுக்கு ஐந்து, அதாவது ஐந்தாவது கொசுறு. கொசுறாக வந்ததும் மறக்கப்படவில்லை என்பது அங்கே இருக்கிறது. கடைத்தெருவில் கொசுறு கேட்டுப் பழகிய பிள்ளைகளுக்கு ஒரு நொடியில் புரியும்.

பொறையாறு லுத்தரன்

பூ வாரத்துக்கு யோசனை. தரங்கம்பாடியில் 1706-இல் சீகன்பால்க் இறங்கினார், 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அதற்குப் பின் வந்தவர்களில் கோனிக், ராட்லர் போன்றவர்கள் இந்தக் கரையோரச் செடிகளைச் சேகரித்து, காகிதத்தில் அழுத்திக் காயவைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். கோனிக் லின்னேயஸின் மாணவர், 1768-இல் வந்தவர். ராட்லர் பாதிரியார். பூவைக் "கற்றுக்கொள்வது" என்றால் அதுதான். பிள்ளைகளும் செய்யலாம்.

பழைய செய்தித்தாள் மடிப்புக்குள் செடியை வேரோடு பரப்பி, ஒரு இலையைத் திருப்பிப் பின்பக்கம் தெரிய வைத்து, மேலே கனமான பலகை, செங்கல். முதல் நாலு நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் புரட்டாசி, ஐப்பசி ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும், பூ கறுத்துவிடும். தும்பை, காக்கட்டான், நெருஞ்சி, கோரை நன்றாக வரும். அல்லி வேண்டாம், சதைப்பற்று அதிகம், அழுகும். அல்லியை இடத்திலேயே பாருங்கள், மாலையில் விரிந்து காலை வெயில் ஏறியதும் கூம்பிவிடும், ஆகவே ஆறரைக்கே போக வேண்டும்.

கடைமடை

வாய்க்காலில் ஊதாப்பூ தெரிந்தால் பிள்ளைகள் முதலில் அதைத்தான் பறிப்பார்கள். அது ஆகாயத்தாமரை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் வாய்க்காலை அடைத்துக் கடைமடைக்குத் தண்ணீர் வராமல் செய்வது. அழகாக இருப்பதெல்லாம் ஆறுதல் தராது என்று காட்ட நல்ல பொருள். பத்து செடியைப் பிடுங்கிக் கரையில் போடச் சொல்லுங்கள், அதுவும் ஊழியம்தான். கரையில் போட்டதை மறுபடி தண்ணீருக்குள் உருளவிடாமல் தள்ளிப் போடுங்கள்.

நாற்றங்கால்

பனை வரிசை இருக்கிறது என்கிறீர்கள், பனங்கொட்டை எங்கே? ஆவணி, புரட்டாசியில் பழம் விழும். 20 கொட்டையைப் பொறுக்கி, நார் நீக்கி, மணல் கலந்த மேட்டுப்பாத்தியில் நெருக்கி அடுக்கி லேசாக மண் மூடுங்கள். முளை மேலே வராது. கீழே இறங்கும். வாரக்கணக்கில் பாத்தியின் மேல் ஒன்றுமே தெரியாது. ஆறாவது வாரம் ஒரு கொட்டையை மட்டும் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளி எடுத்துப் பார்த்தால் வெள்ளை முனை கீழ்நோக்கிப் போயிருக்கும். அந்தக் கொட்டையை வெட்டினால் உள்ளே பஞ்சுபோல் இனிப்பான சதை இருக்கும், எல்லாரும் தின்னலாம். மீதியைப் பொங்கல் வரை தொடக்கூடாது. பொங்கலுக்குத் தோண்டினால் பனங்கிழங்கு.

மாற்கு 4:27, "அவனுக்குத் தெரியாதவிதமாய், விதை முளைத்துப் பயிராகிறது." வசனத்தைச் சொல்லாமல் ஐந்து வாரம் அந்த வெறும் பாத்தியைத் தாண்டி நடத்திக் கூட்டிப் போங்கள். அவர்களே கேட்பார்கள். ஆர்வத்தில் நடுவில் கிளறினால் முனை ஒடியும். ஒடிந்தது கிழங்காகாது.

மறைக்கல்வி திருவாரூர்

பாதுகாப்பு பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் நிலத்துக்காரரிடம் எப்போது மருந்து அடித்தார் என்று கேளுங்கள், அடித்த வாரம் அந்த வயலுக்குள் கால் வைக்க வேண்டாம். வரப்பில் எலி வளை உள்ள இடத்தில் பாம்பு இருக்கும், வரப்பில் உட்கார்த்தாதீர்கள், கோணிச் சாக்கு விரித்துக் களத்தில் உட்காருங்கள். மூடின செருப்பு. காலில் புண் உள்ள பிள்ளை தேங்கிய தண்ணீருக்குள் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் பிடிக்கும். ஐப்பசியில் இடி கேட்டால் பனைமரத்தடி ஆகவே ஆகாது, கட்டடத்துக்குள் போய்விடுங்கள். ஆற்றுக்குள் இறக்கவே வேண்டாம், மணல் அள்ளிய குழி மேலே தெரியாது. 18 பிள்ளைக்குப் பெரியவர்கள் குறைந்தது நாலு பேர்.

அரசலாற்றங்கரை

திருத்திய பட்டியல்:

முதல் வாரம்: உப்புத்தண்ணீரில் விதை தேர்வு (ஊறலும் மூட்டமும் முடிந்து இரண்டு நாள் கழித்துத் தட்டில் விதைப்பு), பூவரசம்போத்து நடவு, பனங்கொட்டைப் பாத்தி. வசனம் இல்லை.
இரண்டாவது: தூக்கணாங்குருவி, மத்தேயு 6:26.
மூன்றாவது: வெற்று உமி, யோவான் 12:24.
நாலாவது: செடி அழுத்துதல், ஆகாயத்தாமரை பிடுங்குதல், மத்தேயு 6:28.
ஐந்தாவது: மடை, தண்ணீர்க்குழாய், உபாகமம் 11, எரேமியா 17.
ஆறாவது: போத்தின் துளிர், ஒரு பனங்கொட்டை, யோபு 14, ஆபகூக் 3.

வாளிச் சோதனையைப் பெரிய பிள்ளைகள் நாலு பேரிடம் தனியாக விடுகிறேன். குருவி வாரத்தில் வசனம் முன்னால், உமி வாரத்தில் பின்னால்.

நாற்றங்கால்

விதைத்து 12 நாளில் மூன்றாவது வாரம் வந்துவிடும், கணக்குச் சரி. தட்டில் இரண்டு பிடி அதிகமாகவே விதையுங்கள், 18 பேரும் ஆளுக்கு ஒன்று பிடுங்குவார்கள். பனம்பாத்தியைச் சுற்றி முள் போடுங்கள், பன்றி கிளறும்.

தூக்கணாங்கூடு

இரண்டாவது வாரத்துக்கு முன்னாலேயே ஒரு நாள் போய் எந்தப் பனையில் பாதிக்கூடு இருக்கிறது என்று பார்த்து வையுங்கள். கீழே நின்று கத்தினால் பறந்துவிடும், 20 அடி தள்ளி நிற்கவேண்டும். விழுந்து கிடக்கும் பழைய கூட்டை மட்டும் கையில் எடுக்கலாம். உள்ளே அங்கங்கே களிமண் அப்பியிருக்கும், அது எதற்கு என்று பிள்ளைகளையே யோசிக்க விடுங்கள்.